ஆசிட் அளக்கும் கப்பு

ஜன்னல் படியில் வைத்திருந்த கப்பைக் காணவில்லை.

ஷீஜா தட்டைத் தூக்கிப் பார்த்தாள். திரையை விலக்கிப் பார்த்தாள். கப்பு வைக்கும் துணிப்பை அங்கேயே கிடந்தது. கப்பு மட்டும் இல்லை. கொதிக்க வைத்து, வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, குளிக்கப் போய் வந்த நேரம்தான்.

"மாமி, இங்க ஒரு கப்பு இருந்துதே. ரோஸ் கலரு. சின்னது."

மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியார் தேவகனி நிமிரவில்லை. "வழவழாண்ணு ரப்பர் மாதிரி ஒண்ணு கிடந்துது, அதா? உன் மாமா எடுத்துக்கிட்டுப் போறதப் பாத்தேன்."

"மாமாவா?"

"ரப்பர் மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டா அவரு விடுவாரா? கட்டின நாள்ல இருந்து எங்கிட்டப் பேசினதவிட ரப்பர் மரத்துகிட்டப் பேசினதாக்கும் அதிகம்."

ஷீஜாவுக்குக் காது இரண்டும் சுட்டன. அது மாதவிடாய்க் கப்பு. குலசேகரத்தில் அவளோடு வேலை செய்கிற ஜெஸ்பின் சொல்லி வாங்கியது. உள்ளே வைத்துக்கொண்டால் நாள் முழுக்கக் கவலையில்லை. கழுவி, கொதிக்க வைத்து, அடுத்த மாதமும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதமாக அவள் பேடு வாங்கவில்லை. நெரிசல் பஸ்ஸில் சேலையில் கறை பட்டதோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை. கணவன் ஷாஜனுக்கு மட்டும் தெரியும். அவன் இருப்பது குவைத்தில்.

மாமனார் ராஜையனோ திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர் சங்கத் தலைவர். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு முதல் பெஞ்சு. டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தால், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று பார்க்க எழுந்து போகிறவர். அந்த மனிதர் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி, இன்னதென்று எவனாவது சொல்லிவிட்டால்? பிறகு அவர் சங்கத்திலும் தலைகாட்ட மாட்டார், கோயிலிலும் தலைகாட்ட மாட்டார். ஷீஜாவுக்கு அவர்மேல் மெய்யாகவே பிரியம் உண்டு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

அவள் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுக்கு ஓடினாள். ராஜையன் கப்பை அதன் அடியில் இருக்கும் சின்னக் காம்பைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, இது உன்னுதா?"

"ஆமா மாமா."

"என்னதிது? ரப்பரும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. உள்ள கோடு போட்டு அளவு வேற எழுதியிருக்கு."

ஷீஜாவின் கண் அங்கும் இங்கும் ஓடி, ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் கேனில் போய் நின்றது.

"ஆசிட் அளக்க கப்பு மாமா. ஆபீஸ்ல ஒருத்தங்க சாம்பிள் தந்தாங்க. அதிலொண்ணும் காரியமில்ல, தாங்க, திருப்பிக் குடுத்திருகேன்."

ராஜையனின் முகம் மலர்ந்தது. "பாத்தியா. நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் கை நீட்டுவதற்குள் கப்பில் ஆசிட் விழுந்திருந்தது.

"ஒரு சொட்டு சிந்தல்ல பாரு. கீழ விழுந்தாலும் உடையாது. யாரு கண்டுபிடிச்சானோ, புத்தியுள்ளவன்."

அன்று சாயங்காலம் ஷீஜா மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தேவகனி கதவைச் சாத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து குலுங்கினாள். அழுகிறாளோ என்று ஷீஜா பயந்தாள்.

"சிரிக்காதிய மாமி. மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

தேவகனியின் சிரிப்பு நின்றது. "செத்துருவாரு. சாகல்லேண்ணாலும் சோறு தின்ன மாட்டாரு. நீ வெப்ராளப்படாத. நான் பாத்துக்கிடுகேன்."

தேவகனி பார்த்துக்கொண்டது இப்படி: மறுநாள் அவர் குளிக்கப் போன சமயம் கப்பை எடுத்துக்கொண்டு போய் வாழை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தாள்.

குளித்துவிட்டு வந்த ராஜையன் ஷெட்டைப் புரட்டிப் போட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனார். அங்கே செயலாளர் சிலுவைதாசன் இருந்தார். இருவருக்கும் எப்போதும் ஆகாது.

"வேய், நேத்து என் ஷெட்டுக்கு வந்தது நீருதானே?"

"வந்தேன். அதுக்கு?"

"ஒரு கப்பு இருந்துது. இப்ப இல்ல."

"நான் உம்ம கப்ப எடுத்து என்னவேய் செய்யப் போறேன்?"

"ஆசிட் அளக்கத்தான். இந்த நாட்டுல யாருகிட்டயும் இல்லாத கப்பு."

யாரிடமும் இல்லாத ஒன்றைத் தான் பார்க்காமல் போய்விட்டோமே என்கிற கவலை சிலுவைதாசனைப் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் கப்புப் பேச்சு. தலைவருடைய வெளிநாட்டுக் கப்பைச் செயலாளர் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்தது.

"மாமி, அந்த மனுசன் மேல பழி விழுந்துட்டே."

"நான் என்ன கண்டேன்? தோண்டி எடுக்கட்டுமா?"

"வேண்டாம். மண்ணோட கொண்டு குடுத்தா, எப்படி அங்க போச்சுண்ணு கேப்பாரு."

ஷீஜா ஜெஸ்பினிடம் சொல்லி இன்னொரு கப்பு வரவழைத்தாள். பெட்டியைக் கிழித்தாள். படம் போட்ட தாளை அடுப்பில் போட்டாள். கப்பை மட்டும் மாமனாரிடம் நீட்டினாள்.

"மாமா, சண்டை வேண்டாம். அவங்க வேறொண்ணு தந்திருக்காங்க. இத வீட்டுலயே வச்சுக்கிடுங்க. வெளிய எடுக்க வேண்டாம்."

ராஜையன் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சங்கப் பொதுக்கூட்டத்தில், ஐம்பது ஆண்கள் முன்னால், கைக்குட்டையைப் பிரித்தார்.

ஷீஜா அங்கேதான் இருந்தாள். மாமனார் கப்பை வெளியே எடுத்துவிடக் கூடாதே என்று கணக்கு எழுத உதவுகிற சாக்கில் போயிருந்தாள்.

கூட்டத்தின் முதல் காரியம், ரப்பர்ப் பால் வெட்டுகிற பெண்கள் கொடுத்த மனு. விடியுமுன் மரத்தடிக்குப் போனால் பத்து மணிவரை ஒதுங்க இடமில்லை, ஒரு கழிப்பறை வேண்டும் என்று அவர்கள் சார்பில் குளோரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. போன வருடமும் வந்த மனுதான். பெண்கள் காரியத்தை நாம் எதற்குப் பேசுவது என்று போன வருடம் ஒத்திவைத்தவர்கள் இந்த வருடமும் ஒத்திவைத்தார்கள். ராஜையன் மனுவை மடித்து மேஜையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கப்பைத் தூக்கிக் காட்டினார்.

"இதாக்கும் அந்தக் கப்பு. ஆசிட் கையில படாது. பால் உறைய வைக்கது முழுக்க நம்ம பெண்ணாளுவதானே. அவளுவளுக்கு ஆளுக்கொண்ணு சங்கத்துச் செலவுல வாங்கிக் குடுக்கலாம் எண்ணு ஒரு யோசனை."

கப்பு கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவர் அழுத்திப் பார்த்தார். ஒருவர் வாய்க்குள் ஊதி, "காத்துப் போகல்ல" என்றார். ஷீஜா நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆம்பளையளுக்கு இல்லியா?" என்றார் ஒருவர்.

"உமக்குக் குடுத்தா பீடிச் சாம்பல் தட்டுவீரு."

எல்லோரும் சிரித்தார்கள். டீ குடிக்க எழுந்தார்கள். இதுதான் சமயம் என்று ஷீஜா சிலுவைதாசனைத் தனியே பிடித்தாள். தலைவர் சொன்னதை ஒடிக்க இவரைவிட்டால் ஆளில்லை.

"அண்ணாச்சி, அந்தக் கப்பு அவ்வளவு நல்லதில்ல கேட்டியளா. நாலு நாளு ஆசிட் பட்டா இளகிப் போவும். நீங்க வேண்டாம்ணு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சிலுவைதாசன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மாமனாரு வேணும்ங்காரு. மருமவ வேண்டாம்ங்கா. எனக்கு மனசிலாச்சு பிள்ளே."

"என்ன மனசிலாச்சு?"

"இது நல்ல சாதனம். ஊருக்கெல்லாம் குடுத்துட்டா உங்க வீட்டு ஷீட்டு மட்டும் தனியா மின்னாது. அதாக்கும் உனக்கு."

"ஐயோ, அதொண்ணும் இல்ல அண்ணாச்சி."

அவர் அதற்குள் கூட்டத்துக்குள் போய்விட்டார். மேஜையைத் தட்டினார். "நம்ம சங்கத்துப் பெண்ணாளுவளுக்கு மட்டும் போராது. பக்கத்துச் சங்கத்துல வெட்டுகவளுவளுக்கும் சேத்து நூறு எடுக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

இருபது வருடத்தில் முதல் தடவையாகத் தலைவரும் செயலாளரும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதை நோட்டில் எழுதியது ஷீஜாவின் கை.

வீட்டுக்கு வந்ததும் குவைத்துக்குப் போன் போட்டாள்.

"உங்க அப்பா நூறு கப்பு எடுக்கப் போறாரு. எதுக்குள்ள கப்புண்ணு அவருக்குத் தெரியாது. கடை எதுண்ணு கேட்டா தெரியாதுண்ணு சொல்லிருங்க."

"கேட்டாச்சு. நெட்டுல ஆர்டரும் போட்டாச்சு."

"உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தியும் வெளிவும் இல்லியா?"

"அப்பா கேட்டா நான் எப்படிட்டி மாட்டேன்னு சொல்லுகது?" என்றான் ஷாஜன். அங்கே அவன் சிரிப்பை அடக்குவது இங்கே கேட்டது.

பார்சல் வருகிற வரைக்கும் ஷீஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தேவகனி கைவிரித்துவிட்டாள். "நான் புதைச்சது ஒண்ணு. நூறைப் புதைக்க நம்மகிட்ட வாழை இல்ல மக்களே."

சனிக்கிழமை காலை வெட்டு முடிந்து, பால் வாளியோடு பெண்கள் சங்க ஷெட்டில் கூடினார்கள். ராஜையன் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இரண்டு கட்டுகள். ஒன்றில் சின்ன அளவு, மற்றதில் பெரிய அளவு. எந்த டப்பாவிலும் படம் வெளியே தெரியவில்லை. ஒவ்வொன்றும் வீட்டில் கிடந்த பழைய காலண்டர் தாளால் பொதிந்திருந்தது. மேலே இருந்த ஒன்றை எடுத்து ஷீஜாவிடம் நீட்டினார்.

"உன் சாம்பிள நான் ஆசிட் ஊத்திக் கெடுத்தேனே. இது உனக்கு. மத்தத நீயே குடுத்திரு மக்கா. நான் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டட்டு."

மாடு வீட்டில் இருந்தது. வீடு இரண்டு மைல். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க ஷீஜாவுக்குப் பாவமாக இருந்தது. குளோரியை ஓரமாக இழுத்துப் போனாள். நாற்பது வயது, பெண்களுக்கெல்லாம் மூத்தவள்.

"அக்கா, இது ஆசிட் அளக்கதுக்கில்ல. இது வந்து, நம்ம மாசத்துக்கு உள்ளது."

"தெரியும் பிள்ளே. நர்ஸம்மா போன வாரம் வந்து எல்லாம் சொல்லித் தந்தாவ. மடக்குகது, வைக்கது, கொதிக்க வைக்கது, பெறாதவளுக்குச் சின்னது, பெத்தவளுக்குப் பெரிசுங்கது வரை."

"நர்ஸம்மாவா? அவங்களுக்கு யாரு சொன்னா?"

குளோரி முந்தானையை இழுத்துச் செருகினாள். பின்னால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"செரி, யாரு சொன்னாலும் இருக்கட்டு. ஒரு உபகாரம் செய்யணும் அக்கா. மாமா காதுல மட்டும் இது விழுந்திரப்பிடாது. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

குளோரி பால் வாளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி, உங்க கப்பு காணாமப் போகதுக்கும் முன்னயே, எங்க வீட்டு முற்றத்துல வந்து, அங்கோட்டுத் திரும்பி நிண்ணுக்கிட்டு, 'பெத்தவ எத்தன பேரு, பெறாதவ எத்தன பேருண்ணு மட்டும் ஒரு தாளுல எழுதித் தா குளோரி, அளவுக்காக்கும், கழிப்பறைக்குக் கையெழுத்துப் போடாதவனுவள நான் இதுல போட வைக்கேன்' எண்ணு சொல்லி வாங்கிட்டுப் போனது பின்ன யாராம்?"