மணி பாயும் சின்ன எம்மும்

பெரம்பலூரில் நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைத்த ஒரே மனிதர் மணி பாய்தான். மணி என்று ஒரு பாயா என்று குழம்பாதீர்கள். எந்நேரமும் மணி பார்ப்பவர் என்பதால் வந்த பட்டம் அது. சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இரண்டு கையிலும் வாட்ச். இடது கையில் நம்மூர் நேரம். வலது கையில், மகன் அங்கே இருந்ததால், ஷார்ஜா நேரம்.

சென்டரில் இருந்தவை ஆறு கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். வேறு எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும் என்று, யாரோ கொடுத்த சிடியிலிருந்து எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றியிருந்தார். அதில் பாய்க்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, திரை மூலையில் இருந்த கடிகாரம். அதன் மேல் வலது கிளிக் செய்தால் ஒரு பெட்டி வரும். மணி எப்படித் தெரிய வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்ளலாம். இது போதாதா பாய்க்கு? ஒரு நாள் கிழமை முன்னால் வரும், மறுநாள் பின்னால் வரும். மத்தியானம் ஆங்கில எழுத்தில் "சாப்டாச்சா 01:15" என்று கடிகாரம் விசாரிக்கும்.

அந்தப் பெட்டியில் சதவீதக் குறிக்குப் பிறகு பெரிய எம் போட்டால் நிமிஷம், சின்ன எம் போட்டால் மாதத்தின் எண். ஒரு மே மாதத்தில் பாய் சின்ன எம்மைத் தட்டிவிட்டார். ஆறு திரையிலும் மணி பத்து அஞ்சு. ஒரு மணி நேரம் கழித்து ஒரே தாவலில் பதினொன்று அஞ்சு. சிறுவாச்சூர் வாத்தியார் ஒருவர் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டுக் குதித்தார்.

"என்னங்க பாய், உக்காந்தப்பவும் பத்து அஞ்சு, எந்திரிக்கிறப்பவும் பத்து அஞ்சா?"

"அதுவரைக்கும் நிம்மதியாத்தானே சார் இருந்தீங்க?"

நான் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து அங்கே போவேன். தெரிந்தவர் கண்ணில் படாமல் தோற்பதற்கு அதுதான் வசதி. சென்னைப் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலைக்கு இணையத்தில் தேர்வு வைத்தார்கள். ஒரு மணி நேரம், மூன்றே வாய்ப்பு. முதல் இரண்டு தடவையும் வரிக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே பாதியில் விட்டேன். மூன்றாவதும் போனால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது தேர்வு ஜூனில். பதினொரு மணிக்கு, "ஆரம்பிம்மா" என்றார் பாய். ஒரு பக்கம் திருத்தி நிமிர்ந்தேன். பதினொன்று ஆறு. பரவாயில்லையே! இன்னும் இரண்டு பக்கம். அப்போதும் பதினொன்று ஆறு. என்னைப் போல வேகக்காரி தமிழ்நாட்டிலேயே கிடையாது என்ற மிதப்பில் மூலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஒற்று, கால், கொம்பு எல்லாம் தானாகக் கண்ணில் பட்டன. கடைசி வரியை முடிக்கும்போது பாய் பக்கத்தில் நின்றார்.

"பத்து நிமிஷந்தான் இருக்கு. அனுப்பிடும்மா."

"பாய், மணி பதினொண்ணு ஆறுதானே?"

அவர் கையை நீட்டினார். வாட்சில் பத்து இருபது. "அடச்சே, இது ஷார்ஜா" என்று மறு கையை நீட்டினார். பதினொன்று ஐம்பது. பதறிப்போய் அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"மறுபடியும் சின்ன எம்மைப் போட்டுட்டீங்களா பாய்?"

"தெரிஞ்சேதாம்மா போட்டேன். நீ எங்க பேப்பரப் பாக்குற? மணியத்தான் பாக்குற. அதான், மணிய நான் பாத்துக்கிட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடந்தது. அந்த ஒரு மணி நேரமும் அவர் கல்லாப் பக்கமே போகவில்லை.

வேலை கிடைத்தது. பிழை திருத்தும் வேலை எனக்கு ஒரு பிழையால்தான் கிடைத்தது என்பதை அலுவலகத்தில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு நாள் மட்டும் என் கம்ப்யூட்டரில் பெரிய எம்மை எடுத்துவிட்டுச் சின்ன எம்மைப் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எனக்காகப் பாய் பார்த்துக்கொண்டிருப்பார்.