ஈசலிடம் தோற்ற ஆமை

கடல் தாண்டி வந்த சிங்கங்கள் ஆண்ட ஒரு காட்டில், சுயாட்சி தவணை முறையில் வந்துகொண்டிருந்தது. முதல் தவணையாகச் சட்டசபை வந்தது. சதுப்புத் தொகுதி உறுப்பினரான முயலை ஆளுநர் சிங்கம் விருந்துக்கு அழைத்தது. முயல் திரும்பவில்லை. இடைத்தேர்தல் அறிவித்தார்கள்.

இடைத்தேர்தல் முடியும்வரை அந்தத் தொகுதியில் மட்டும் வேட்டை கூடாது என்று ஒரு விதி இருந்தது. வாக்காளர்களைத் தின்றுவிட்டால் தேர்தல் நியாயமாக நடக்காது என்பது சிங்கங்களின் கருத்து.

ஆமை வடமலை போட்டியிட்டார். சிங்கங்களை எதிர்த்து ஊர்வலம் போனதற்காக இரண்டு கோடைகள் மல்லாக்கப் போடப்பட்டுக் கிடந்த தியாகி. சுயாட்சித் தீர்மானத்துக்கு ஒரே ஒரு வாக்குதான் குறைகிறது என்றும், அதைத் தான் போடுவதாகவும், இன்னும் இருநூறு வருஷம் தொகுதிக்கு உழைப்பதாகவும் புதர் புதராகப் போய்ச் சொன்னார். எல்லோரும் கண்கலங்கி மாலை போட்டார்கள்.

எதிர்த்து நின்றது ஓர் ஈசல். மனுத்தாக்கல் செய்த ஈசல் வேறு, ஜெயித்த ஈசல் வேறு. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பதவிப் பிரமாணத்தின் பாதியில் அது செத்துப்போனது. மறுபடியும் இடைத்தேர்தல்.

ஆமைக்கு மனசு ஆறவில்லை. குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்மானிடம் போய், தன்னிடம் என்ன குறை என்று கேட்டார்.

"குறையே இல்லைங்க ஐயா," என்றது மான். "இருநூறு வருஷம் இருப்பேன்னு சொன்னீங்களே, அங்கதான் இடிக்குது. ஈசல் புண்ணியத்துல என் குட்டி பயமில்லாம வெயில்ல மேயுது."

ஆமை நெடுநேரம் யோசித்தார். அடுத்த கூட்டத்தில் இருமினார். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் ஆரவாரித்தது. சதுப்பு கண்டிராத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அவருடைய ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. சிங்கங்கள் கப்பலேறின. போகும்போது வேட்டைச் சட்டத்தைப் புதிய முதலமைச்சரான நரியிடம் ஒப்படைத்தன. நரி அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

மறுநாள் காலை சதுப்பு முழுவதும் ஆமை வீட்டு வாசலில் திரண்டு நின்றது. பெண்மான் முன்னால் வந்து மரியாதையாகக் கேட்டது:

"ஐயா, இருமல் எப்படி இருக்கு?"

"சுத்தமா நின்னுடுச்சும்மா," என்றார் ஆமை.

அந்தக் கூட்டத்தில் அழாதவர் இல்லை.

நீதி: சுயாட்சி ஒருமுறைதான் வரும். இடைத்தேர்தல், உறுப்பினர் மனது வைத்தால், அடிக்கடி வரும்.