ஊருக்கு வால் ஒட்டியவர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் நான் வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கிரைண்டர் கடையில் பில் போடுகிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஆனால் இந்த மனிதரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை என்று தெரிந்துபோனதால் துணிந்துவிட்டேன்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடித்தவர்களில், தன் சொந்த ஊருக்கு லத்தீனில் என்ன பெயர் என்று தெரியாதவர் ஒருவர்கூட இருக்க முடியாது. ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி நான்.

எங்கள் கடைக்கு அடுத்த பேக்கரி அவருடையது. அவருடைய பெயர் போர்டிலேயே இருந்தது, யாரும் படித்ததில்லை. 'என்சிஸ் அண்ணா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் பாதிரியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "சாமிக்கும் எனக்கும் சண்டை ஒண்ணுமில்லீங்க. அங்கத்த சாப்பாட்டுக்கும் எனக்குந்தானுங்க" என்பார். சாப்பாட்டை விட்டு வந்தவர் லத்தீனை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

ரோமாபுரியிலிருந்து வருகிற கடிதங்களில் உலகத்து ஊர்களுக்கெல்லாம் ஒரு வால் ஒட்டித்தான் எழுதுவார்களாம். 'என்சிஸ்' என்று ஒட்டினால் அந்த ஊர்க்காரர் என்று அர்த்தம். "நம்ம கோயமுத்தூரே அங்க கோயிம்பத்தூரென்சிஸ் தானுங்க. பெரிய ஊருக்கு ஒட்டற வாலைச் சின்ன ஊருக்கு ஒட்டக்கூடாதுன்னு சட்டமா இருக்குது?" என்று ஒட்ட ஆரம்பித்தவர், கடைசிவரை நிறுத்தவில்லை.

கடைக்குப் புதிதாக யார் வந்தாலும், "ஏனுங்க, நமக்கு எந்த ஊருங்க?" என்பார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு நாலு கேள்விகள் ஒளிந்துகொண்டிருக்கும். அவர் கேட்டால் பின்னால் வால் மட்டும்தான் இருக்கும். பதில் வந்த அடுத்த நொடி டீ மாஸ்டருக்குக் குரல் போகும்: "சூலூரென்சிஸுக்கு ஒரு டீ, சக்கரை கம்மி."

பொள்ளாச்சி கொப்பரை வியாபாரி ஒருவருக்கு முதல் நாளே கோபம் வந்துவிட்டது. அவருடைய ஊரை இவர் 'பொள்ளாக்கியா' ஆக்கியிருந்தார்.

"எங்கூருப் பேரையே கெடுத்துப்போட்டீங்களே. சந்தைல போயிச் சொன்னா மாடு மிரளுமுங்க."

"இங்கிலீஷ் எழுத்து அதேதானுங்க. 'சி ஹெச்'சை ரோமாபுரிக்காரன் 'க'ன்னுதான் படிப்பான். அவன் நாக்குக்கு நான் பொறுப்பில்லீங்க."

அடுத்த வாரம் அதே வியாபாரி தன் மைத்துனரைக் கூட்டிவந்து, "இவருக்கும் ஒண்ணு ஒட்டி விடுங்க" என்றார்.

'அம்' என்று முடிகிற ஊர்கள் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். லத்தீனில் ஊர்ப்பெயர் 'உம்' என்று முடிந்தால் போதுமாம்; உக்கடம் 'உக்கடும்' ஆகும், பல்லடம் 'பல்லடும்' ஆகும். "பாதி வேலைய நம்ம முன்னோருங்களே செஞ்சு வெச்சுப்போட்டாங்க" என்பார். உக்கடத்திலிருந்து வரும் தையல்கடை பாய்க்கு அது பிடித்துப்போய், ஸ்கூட்டரின் பின்னால் 'உக்கடென்சிஸ்' என்று பெரிதாக எழுதிவிட்டார். போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தி, இது எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறார். ஊருங்க என்று சொல்லியும் அவர் நம்பவில்லையாம்.

பாளையங்கள்தான் அவரைப் படுத்தி எடுத்தன. எங்கள் சீமையில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பாளையத்தில் விழும். 'பாளையமென்சிஸுக்கு ஒரு டீ' என்றால் கடையில் பாதிப் பேர் கையை நீட்டுவார்கள். சரியென்று முழுப்பெயரோடு வால் ஒட்டினார். பெரியநாயக்கன்பாளையத்துக்காரரை அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும்.

ஒருநாள் அவிநாசியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். புருஷனுக்கு ஒட்டியானதும் அந்த அம்மா, "பொம்பளைக்கு என்னங்கண்ணா வாலு?" என்றார்.

"அதேதானுங்க அம்மணி. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வாலுதான்."

"அங்கியாவது சமமா வெச்சிருக்கறாங்களே" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா புருஷனுடைய பப்ஸையும் எடுத்துச் சாப்பிட்டார்.

என்னிடமும் அவர் கேட்காமலில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நமக்கு எந்த ஊருங்க அம்மணி?" என்றார். "இங்கதானுங்க, பக்கத்துல" என்றேன். அதற்குமேல் அவர் துருவவில்லை. அன்றிலிருந்து, "பில் போடற அம்மணிக்கு ஒரு டீ."

நான் பிறந்தது கொக்குக்குட்டை லைன். மில்காரர்கள் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகள். மில்லை மூடினார்கள், வீடுகளை இடித்தார்கள், கொக்கு வந்து நிற்கும் குட்டையையும் மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இல்லாத ஊரை என் ஊர் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் தினமும் அவர் ஒவ்வொருவரையும் ஊரோடு சேர்த்துக் கூப்பிடும்போது, தம்ளரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு தடவை அப்படி ஒரு குரல் வராதா என்று இருக்கும்.

இந்த வருஷம் அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். செல்போன் கடை வருகிறதாம். ஓசூரில் தம்பி வீட்டோடு போகிறேன் என்றார் அவர். "அப்ப நீங்க இனி ஓசூரென்சிஸா?" என்று பாய் கிண்டல் செய்தார். அவர் டீ மாஸ்டர் பக்கம் திரும்பி, "உக்கடென்சிஸுக்கு ஒரு டீ" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றேன். அவர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அண்ணா என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை அவரிடம் வந்ததே இல்லை.

"ஏனுங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஊரு கொக்குக்குட்டை லைனுங்க. ஆனா அது இப்ப இல்லீங்க. இல்லாத ஊருக்கு ஒட்டுவீங்களா?"

துணியைக் கீழே வைத்தார். "இதையா இத்தனை வருஷமா வெச்சிருந்தீங்க? அம்மணி, மண்ணுக்குள்ள போன ஊரு எத்தனையோ இருக்குதுங்க. சனமில்ல, வீதியில்ல. ஆனா ரோமாபுரியில அந்தப் பேரை அழிக்க மாட்டாங்க. இன்னைக்கும் அந்த ஊருக்குன்னு ஒரு ஆயரை, அதானுங்க பிஷப்பை, போடுவாங்க. ஆளே இல்லாத ஊருக்கு ஆயரு. ஊரு போயிருமுங்க, வாலு போகாது." சட்டையை மாட்டிக்கொண்டார். "வாங்க, போயிப் பாத்துப்போட்டு வந்தர்லாம்."

டவுன் பஸ்ஸில் பெண்கள் பக்கம் நானும் ஆண்கள் பக்கம் அவரும் உட்கார்ந்தோம். கண்டக்டரிடம் கொக்குக்குட்டை லைன் என்றேன். "அப்பிடி ஸ்டாப்பே இல்லீங்களே அக்கா" என்றார் அவர். "ஒருகாலத்துல இருந்துச்சுங்க" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

அடுக்குமாடி கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியைவிட்டு எழாமலேயே, "எந்த பிளாட்டுங்க?" என்றார்.

"பிளாட்டு இல்லீங்க. இவங்க கொக்குக்குட்டென்சிஸ்."

வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டாக்டருங்களா?"

"அதுக்கும் மேலீங்க."

வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்து, கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

குட்டை இருந்த இடத்தில் நீலத் தரை போட்ட நீச்சல்குளம் இருந்தது. குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். கையைக் காட்டினேன். அங்கே கார்கள் நின்றன. அந்தப் பக்கம் பார்த்து, டீக்கடைக் குரலில் இல்லாமல், மெதுவாக இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னார்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். "போய்ட்டு வாரேனுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். அத்தனை வருஷம் காலையும் மாலையும் அவர் கடையில் நின்றிருக்கிறேன். இப்போது சொன்னால் என்ன, எனக்கு டீ பிடிக்கவே பிடிக்காது.

மறுநாள் பேக்கரி ஷட்டர் இறங்கியிருந்தது. நான் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ரெண்டு கிரைண்டர் விற்றது.