பாக்கியத்தம்மாள் பேசாமல் இருந்த நாள்

எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைப்பவனால் விளையும் நாசத்தை ஒரு சோம்பேறியால் செய்துவிட முடியாது. சோம்பேறி எதையாவது கோட்டை விட்டால் வீட்டில் கோபப்படுவார்கள். என்னைப் போன்றவன் விட்டால் சிரிப்பார்கள். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியர். தமிழ்நாட்டிலிருந்து வரும் கட்சிக்காரர்களிடம் பேசுவதும், கோப்புகளில் வண்ணக் காகிதம் ஒட்டுவதும் (சட்டத்துக்கு மஞ்சள், தீர்ப்புக்குப் பச்சை, எதிர்த்தரப்பின் பொய்க்குச் சிவப்பு) என் வேலை.

அப்படி வந்தவர் பாக்கியத்தம்மாள். சிவகங்கைப் பக்கத்து ஊராட்சித் தலைவர். சரியாகச் சொன்னால், நீக்கப்பட்ட தலைவர். துணைத்தலைவர் தன் தெருவுக்கு எதிர்பார்த்திருந்த ஆழ்துளைக் கிணற்றை இந்த அம்மாள் காலனிப் பக்கம் போட்டுவிட்டார். மோட்டார் பொருத்துவதற்குள் புகார் போனது. ஒரு வார்த்தை விளக்கம் கேட்காமல் ஆட்சியர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. எங்கள் வாதம் மிக எளிது: நீக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். பதவி திரும்பினால் காலனியில் மோட்டார் ஓடும். இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை.

ஆர்.கே.புரத்தில் அப்பாவின் அரசுக் குடியிருப்பில் அவரைத் தங்கவைத்தோம். அம்மாள் நன்றாகப் பேசுவார். ஆட்டோக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசி ஜெயித்தார். நீதிமன்ற வாசலில் சோதனை போட்ட காவலரிடம் மோட்டார் கதையை முழுவதும் சொன்னார் (அந்த ஹரியானாக்காரரும் "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டார்). நீதிபதியிடமும் இப்படிப் பேசிவிடுவாரோ என்று அவரை ஓரமாக அழைத்துப் போனேன்.

"அம்மா, உள்ள போனா நீங்க வாயே திறக்கக் கூடாது. வக்கீல் மட்டும்தான் பேசணும்."

"என் கேசுதான தம்பி? ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட. ஜட்ஜுக்குக் கோவம் வந்தா கேஸ் போச்சு."

"சரி. உங்க கோர்ட்டு, நீங்க சொல்றபடி."

எங்கள் வழக்கின் எண்ணை ஆங்கிலத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதைக்கூடச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வழக்குக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று முன்பே அந்த நீதிமன்ற அறையில் உட்கார்ந்து கணக்கெடுத்திருந்தேன். எங்களுடையது மதிய உணவுக்குப் பிறகுதான் வரும். சீனியரிடமும் அப்படியே சொன்னேன். அவர் நிம்மதியாக வேறு அறையில் வாதாடப் போனார்.

அம்மாளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டுக் கோப்பைப் புரட்டினேன். ஒன்று உறுத்தியது. பச்சைக் காகிதம் நான்குதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்து இருந்தால் வரிசை பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும்!

நூலகத்துக்கு ஓடினேன். ஜெராக்ஸ் இயந்திரத்தைச் சுற்றிக் கூட்டம். "பையா, ஜல்தி!" என்று இயந்திரக்காரரிடம் அவசரப்படுத்திக் கெஞ்சினேன். எவரையும் அவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று சொல்லும் அந்த ஐந்தாவது தீர்ப்பு சூடாக வெளியே வந்துகொண்டிருந்தபோது, எங்களுக்கு முந்தைய வழக்குகள் வரிசையாகத் தள்ளிவைக்கப்பட்டு, எங்கள் முறை வந்து போயிருந்தது.

திரும்பி வந்தபோது வேறு ஏதோ வழக்கு நடந்துகொண்டிருந்தது. அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். வெளியே அழைத்து வந்தேன்.

"நம்ம நம்பரைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க தம்பி. ரெண்டு தடவ. ஜட்ஜு ஐயா நிமிர்ந்து எல்லாப் பக்கமும் பாத்தாரு. என்னையக் கூடப் பாத்தாரு."

"எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதான தம்பி பேசக் கூடாதுன்னு சொன்னீக?"

மனுதாரர் தரப்பில் எவரும் இல்லாததால் வழக்கு தள்ளுபடி. கேட்காமல் நீக்கிவிட்டார்கள் என்று ஊரிலிருந்து ரயிலேறி வந்தவரின் மனு, கேட்காமலேயே போய்விட்டது. சீனியர் கோப்பைப் பார்த்தார். "ரொம்ப அழகா ஒட்டியிருக்கே" என்றார். கோப்பை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மாள் நடந்ததை என் தங்கையிடம் நடித்தே காட்டினார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாளும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "திரும்பப் போட்டுக்கலாம்ல தம்பி?" என்றார்.

போட்டோம். நீதிமன்றம் பெரிய மனதோடு வழக்கை மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஆனால் மறுபடி எங்கள் முறை வருவதற்குள் அவருடைய பதவிக்காலமே முடிந்துவிட்டது. இல்லாத பதவியை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டு முடித்துவைத்தார்கள். (அன்று சீனியரும் நானும் விடிந்ததிலிருந்து அந்த அறையிலேயே இருந்தோம்.) செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். "அந்த மோட்டாரு இப்ப துணைத்தலைவர் தெருவுல ஓடுது தம்பி" என்றார்.

நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் நான். வழக்கு தள்ளுபடியான நாளில் மட்டும் 'லேசான மழை' என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் தங்கை மறக்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அலறிக்கொண்டு ஓடிவந்தால், "நீங்கதான தம்பி பேசக் கூடாதுன்னு சொன்னீக?" என்பாள். என் மனைவி சிரிப்பாள், தமிழ் பாதி புரியாத என் மகளும் சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டேதான் அடுப்பைத் துடைப்பேன். துணியை அலசக் குழாயைத் திறக்கும்போது, தண்ணீர் கொட்டும். சீக்கிரம் மூடிவிடுவேன்.