கொடுக்காத கை

மூப்பர் வோல்பர்ட் விழித்தபோது மேடையிலிருந்து போதகரின் குரல் கேட்டது: "இரட்சிப்பைத் தேர்ந்தெடுப்பது கடவுளல்ல. மனிதன்தான், தன் சொந்தச் சித்தத்தால் தேர்ந்தெடுக்கிறான்."

மூப்பருக்கு ரத்தம் கொதித்தது. அதற்குமேல் காதில் ஏதாவது ஏறுமா? தேர்ந்தெடுப்பது கடவுளே, மனிதனல்ல என்று முன்னோர்கள் டோர்ட் நகரில் கூடித் தீர்மானம் எழுதி நூற்றாண்டுகள் ஆகின்றன. அந்தத் தீர்மானங்களை வோல்பர்ட் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார் என்று பெயர். அவர் மேடைக்கருகே உட்கார்ந்திருந்தால் இளம் போதகர்களுக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

எதிர் பெஞ்சில் கசாப்புக்கடைக்காரர் மனைவி ட்ரெய்ன்ட்யே, பெப்பர்மின்ட்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதிர்ந்துபோயிருக்கிறாள் என்று மூப்பர் எடுத்துக்கொண்டார்.

பிரசங்கம் முடிந்து போதகர் லீண்டர்ட் இறங்கிவந்து, ஜனங்களுக்கு முதுகு காட்டி அவர் முன் நின்றார். பிரசங்கம் முடிந்ததும் ஒரு மூப்பர் போதகருக்குக் கை கொடுப்பது அந்தச் சபை வழக்கம்; அன்றைய முறை வோல்பர்ட்டுடையது. மூப்பர் கை கொடுத்தால் உபதேசம் சுத்தம். கொடுக்காவிட்டால் கள்ள உபதேசம். போதகரின் கை லேசாக நீண்டது. வோல்பர்ட் அசையவில்லை.

மூப்பர் அறையில் காபியை யாரும் தொடவில்லை. லீண்டர்ட்டின் முகம் வெளுத்திருந்தது. அவரை இந்தச் சபைக்கு நிரந்தரப் போதகராக அழைக்கலாமா என்று புதன்கிழமை ஓட்டு. கை மறுக்கப்பட்டவரைச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சபையும் சேர்க்காது. வீட்டில் மனைவி நிறைமாதம்.

"அப்படி என்ன தப்பைக் கண்டீங்க?" என்று கேட்டார் தலைமை மூப்பர் ஹென்ட்ரிக்.

"மனுஷனே தேர்ந்தெடுக்கிறான்னு மேடையில நின்னு சொல்றாரு. உங்க காதுல எல்லாம் பஞ்சா வச்சிருக்கு?"

"மூப்பரே, அது நான் சொன்னதில்ல," என்றார் லீண்டர்ட் மெதுவாக. "டோர்ட் தீர்மானத்துல வாசிச்சேன். 'இந்தத் தவறுகளை நிராகரிக்கிறோம்'னு போட்டு, ஒவ்வொரு தவறா வருமே, அந்தப் பகுதி."

அந்தப் பகுதியும் வோல்பர்ட்டுக்கு மனப்பாடம். அப்போதே மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். கேட்டால் அப்புறம் அவர் வோல்பர்ட்டா?

"அது எனக்குத் தெரியாதாக்கும். ஆனா நிராகரிச்சது பத்தல. என்னமோ தடவிக்கொடுத்த மாதிரி இருந்துது."

"'நிராகரிக்கிறோம்'னு சொல்றப்போ மேடையில ஓங்கிக் குத்தினேனே. கேக்கலையா?"

"கேக்காம என்ன? அந்தச் சத்தத்துலதானே முழிச்சேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. வெட்கத்தில் வோல்பர்ட்டுக்குக் காதுமடல் சுட்டது.

"ஊர் பாக்க அவமானப்படுத்தினீங்க," என்றார் ஹென்ட்ரிக். "ஊர் பாக்கவே சரி பண்ணுங்க. மத்தியான ஆராதனையில."

வீட்டில் மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்.

மத்தியானம் வோல்பர்ட் சபை முன் எழுந்து நின்றார்.

"காலையில நான் போதகருக்குக் கை கொடுக்கல. அவர் உபதேசத்துல ஒரு குத்தமும் இல்ல. நான் தூங்கிட்டேன். தூங்கி எழுந்து, நம்ம விசுவாச அறிக்கையையே கள்ள உபதேசம்னு நினைச்சுட்டேன். வெக்கமா இருக்கு. மன்னிச்சிடுங்க."

போதகரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். பெஞ்சுகளில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தன் தாழ்மையைக் கண்டு உருகுகிறார்கள் என்று வோல்பர்ட் நினைத்தார். ஒரு இளைஞனின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு லேசானது.

வாசலில் ட்ரெய்ன்ட்யே அவரை மறித்தாள்.

"என்ன மூப்பரே, கை கொடுக்காதது நீங்களா? நீங்க விட்ட குறட்டைக்குப் போதகர்தான் உங்களுக்குக் கை கொடுக்கலைன்னுல்ல நினைச்சோம். அந்தத் தைரியத்துக்காகவே புதன்கிழமை எல்லார் ஓட்டும் அவருக்குத்தான்னு இருந்தோமே."