வேங்கையப்பனின் ஸ்கூட்டர் சாவி

துப்பறியும் வேங்கையப்பனை யாராலும் ஏமாற்ற முடியாது. சீனிவாசலுவுக்கு இதில் சந்தேகமே இல்லை. வேங்கையப்பனை வரைகிறவரே அவர்தானே!

பகலில் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு மோட்டார் வரைவார். சாயங்காலம் சரவணம்பட்டி வீட்டில் உட்கார்ந்து 'சித்திரச் சுடர்' மாத இதழுக்கு வேங்கையப்பன் படக்கதை வரைவார். வேங்கையப்பனுக்கு அவருடைய மீசை, அவருடைய ஸ்கூட்டர். தொப்பையை மட்டும் கொடுக்கவில்லை. வேங்கையப்பன் சம்சாரம் சின்னாத்தாளுக்கு, தன் சம்சாரம் ரங்கம்மாளின் மூக்குத்தியையும் கொண்டையையும் கொடுத்திருந்தார். பத்து வருஷமாக அந்த அம்மணி சமையலறையை விட்டு வெளியே வந்ததில்லை. கதைக்குக் கதை ஒரே வசனம்தான்: "ஏனுங்க, டீ போடட்டுங்களா?"

இப்படி இருக்கையில் இதழாசிரியர் தேவானந்தம் பத்தாம் ஆண்டு மலர் போடுவதாக அறிவித்தார். மலர் முழுக்க வேங்கையப்பன் கதைகள். ஆனால் எழுதி வரையப்போவது வெளியிலிருந்து வரும் நாலு ஓவியர்கள். சீனிவாசலுவுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையை நாலு வீட்டுக்கு அனுப்பினால் நாலு விதமாகத் தலைசீவி விடுவார்களே!

ரங்கம்மாள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, இந்த மலர்லயாவது சின்னாத்தாள வாசப்படி தாண்ட உடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"பத்து வருசமா டீ போடறா. படிக்கறவங்க என்னையப் பாத்துத்தானுங்க சிரிக்கறாங்க, டீயத் தவர உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதான்னு."

"துப்பறியறதுக்கு மூளை வேணும், ரங்கம்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் ரங்கம்மாள் தெலுங்குக்கு மாறிவிடுவாள். அன்று தமிழிலேயே இருந்தாள். சீனிவாசலு அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

"செரீங்க. வர்றவங்களுக்கு என்ன கண்டிசன் போட்டிருக்கறீங்க?"

"இங்கயே வந்து என்னையப் பாக்கோணும். திருட்டு எதுவா வேணா இருக்கட்டும், ஆளுகள மட்டும் பாத்ததப் பாத்தபடி வரையோணும். சொந்தச் சரக்கு ஒரு கோடு சேத்தக்கூடாது. தேவானந்தமே ஒத்துக்கிட்டாரு."

"ஒரு கோடு கூடவா?"

"ஒரு புள்ளி கூட!"

"நல்ல கண்டிசனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பருப்பு ஊறப்போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வந்தார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து அப்துல் நாசர், காந்திபுரத்திலிருந்து ஜெனிதா, கூட இன்னும் இருவர். எல்லோர் கையிலும் காகிதமும் பென்சிலும். சீனிவாசலு மீசைக்கு எண்ணெய் தடவி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப வேங்கையப்பன் ஸ்கூட்டர்ல பாயறதப் பாருங்க!" என்று சட்டைப் பையில் கைவிட்டார். சாவி இல்லை.

ஆணியில் இல்லை. மேஜையில் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் நாலு காலில் நுழைந்தார். தொப்பை சிக்கிக்கொண்டது. நாசர்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்தவர் மேலேயே சந்தேகம் வந்தது.

"தம்பி, உங்க பையைக் கொஞ்சம் கொட்டுங்க."

நாசர் கொட்டினார். ரப்பரும் ஒரு சீப்பு வாழைப்பழமும் விழுந்தன.

ஈரக்கையைத் துடைத்தபடி ரங்கம்மாள் வந்தாள். கணவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏனுங்க, சட்டைப் பையில என்னுங்க ஒட்டியிருக்குது?"

ஜெனிதா எட்டிப் பார்த்தாள். "அரிசிங்கக்கா. ரெண்டு அரிசி."

"காலையில அரிசி மூட்டையத் தூக்கி டின்னுல கொட்டுனது ஆரு? இவருதான். குனிஞ்சு கொட்டறப்ப பையில இருக்கறது எங்க போகும்?" டின்னுக்குள் முழங்கை வரை விட்டாள். சாவி வந்தது.

நால்வரும் கைதட்டினார்கள். பிறகு பென்சில்கள் சரசரவென்று ஓடின. தன் கம்பீரத்தைத்தான் வரைகிறார்கள் என்று நினைத்த சீனிவாசலு, மத்தியானம் அரிசிம்பருப்பு சாதத்தை இரண்டு முறை நெய் ஊற்றிச் சாப்பிட்டார்.

மலர் வந்தது. நாலு கதை, நாலு திருட்டு. நாலிலும் வேங்கையப்பன் கட்டிலுக்கடியில் கிடந்தார். நாலிலும் பக்கத்துக்குப் பக்கம் தொப்பை. நாலிலும் திருடனைப் பிடித்தது சின்னாத்தாள்.

சீனிவாசலு போனில் கத்தினார். தேவானந்தம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க போட்ட கண்டிசன்தானுங்க, பாத்ததப் பாத்தபடி வரைஞ்சிருக்காங்க. இங்க கடிதம் வந்து குவியுதுங்க. அடுத்த மாசத்துல இருந்து 'துப்பறியும் சின்னாத்தாள்'. நீங்கதான் வரையறீங்க."

சீனிவாசலு ரிசீவரை வைத்தார். சந்தேகம் ஒன்று மட்டும் விடவில்லை.

"ரங்கம், நான் மூட்டையக் கொட்டறப்ப சட்டையே போடலியே. பனியனோடதான இருந்தேன்?"

"அட, இப்பத்தான் நெனப்பு வருதுங்களா? சாவிய டின்னுல போட்டதும் நான்தான். பையில அரிசியப் போட்டதும் நான்தானுங்க."

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார். கதை வேண்டுமே!

அவள் சொல்லச் சொல்ல வரைந்தார். மில்லில் திருட்டு, சின்னாத்தாள் ஸ்கூட்டரில் பாய்கிறாள், திருடன் கையும் களவுமாகச் சிக்குகிறான். கடைசிக் கட்டம் வரை வேங்கையப்பன் வாயே திறக்கவில்லை.

"அவனுக்கு ஒரு வசனமாவது குடு, ரங்கம்."

"குடுத்தாப் போச்சுங்க. எழுதுங்க: 'அம்மணி, டீ போடட்டுங்களா?'"