வெந்நீரை மொழிபெயர்த்தவர்

திருப்பூரில் துணிக்குச் சாயம் போட்டவர்களை எண்ணி மாளாது. வெந்நீரை மொழிபெயர்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பி.டி.யூ. அண்ணன்.

அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் முதலிபாளையத்துச் சாய ஆலை ஒன்றில் அவர் மெயின்டனன்ஸ், நான் சாம்பிள் செக்‌ஷன். முதலாளி வாங்கிப்போட்டவை எல்லாம் பழைய மெஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு தேசம். ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை ஒன்று கிலோ ஜூலில் சொல்லும், ஒன்று கிலோ கலோரியில் சொல்லும். இங்கிலாந்துக் கிழம் மட்டும் பி.டி.யூ. என்ற வெள்ளைக்காரக் கணக்கில், அதுவும் பாரன்ஹீட் டிகிரிக்குச் சொல்லும். மூன்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது அண்ணனின் பொறுப்பு. அதை அவர் பூஜை மாதிரி செய்தார்.

"மேல மாத்துனா மட்டும் போதாதுங்க, கீழயும் மாத்தோணும்" என்பது அவர் மந்திரம். பி.டி.யூ.வைக் கலோரியாக்கிவிட்டு, பின்னத்தின் கீழே இருக்கும் பாரன்ஹீட் டிகிரியை அப்படியே விட்டுவிடுவது அவர் அகராதியில் மகா பாவம். டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், இழவு வீட்டில்கூடச் சொல்வார். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகள் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியமே இதுதான்.

இதனால் ஆலைக்கு ஒரு கெடுதலும் இல்லை. கல்யாணச் சந்தையில்தான் அண்ணன் விலைபோகவில்லை. அவிநாசியில் ஒரு பெண் காபியை நீட்ட, இவர் சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அதில் விட்டிருக்கிறார். பெண் உள்ளே ஓடியவள்தான், திரும்ப வரவே இல்லை. அண்ணனுக்கு வயது நாற்பதை எட்டிப் பார்த்தது.

சேவூரில் ஓர் இடம் அமைந்தபோது அவர் அம்மா ஆலை வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நீயும் கூட வா. அவன் வாயக் கட்டிப்போடு. இந்த எடமும் போச்சுன்னா நான் பழனியிலயே போயி உக்காந்துக்கறேன்."

"நீங்க பயப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறனுங்க."

வண்டி ஏறும் முன் தெர்மாமீட்டரைப் பிடுங்கிக்கொண்டேன். "முருகன் மேல சத்தியம் பண்ணுங்கண்ணா, அங்க சூடுங்கற பேச்சே வரக்கூடாது" என்றேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சத்தியம் செய்தார்.

சேவூரில் மழை, கடலை விளைச்சல் என்று பேச்சு நன்றாகத்தான் போனது. விதி பெண்ணின் அப்பா வாயில் வந்தது.

"துபாயில இருந்து பையன் வெந்நீர்ப் பொட்டி அனுப்பிச்சிருக்கறானுங்க, அமெரிக்கா சாமான். ஒரு டிகிரி ஏத்த அறுபது பி.டி.யூ.ன்னு போட்டிருக்குது. கால்வாசி போட்டா நம்மூருக்குப் பதினஞ்சு கிலோ கலோரியாமுங்க. கரண்டு மிச்சம்!"

அண்ணனின் காது சிவந்தது. நான் அவர் தொடையைக் கிள்ளினேன். நெற்றியில் வேர்வை அரும்பியது. இன்னும் அழுத்திக் கிள்ளினேன். அவர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார்.

காபித் தட்டோடு வந்த பெண் அண்ணனைப் பார்த்துப் பதறினாள்.

"ஏனுங்கப்பா, இவருக்கு ஒடம்பு செரியில்லீங்களா? என்னமோ சொல்ல வந்து முழுங்கறாரு. எதுன்னாலும் சொல்லிப்போடுங்க."

அவ்வளவுதான். சத்தியம் காற்றில் போனது.

"அறுபதக் கால்வாசி ஆக்குனது செரிங்க மாமா, அது மேல. கீழ இருக்கறது பாரன்ஹீட்டு டிகிரிங்க, நம்ம டிகிரியவிடச் சின்னது. அது ஒன்னே முக்காச் சொச்சம் சேந்தாத்தான் நம்ம ஒரு டிகிரி. அதையும் பெருக்குங்க, இருவத்தேழு வரும்!"

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்ற பையன் சொன்னது தப்புங்களா?"

"பாதிதானுங்க மாமா தப்பு!" என்றார் அண்ணன் உற்சாகமாக. "இத இனிக் கிலோ ஜூலாக்கோணும்னா..."

காபியில் ஆடை படர்ந்துவிட்டது. அவர் அம்மா பழனிக்குப் புறப்படுகிறவர் போலப் பையைத் தேட ஆரம்பித்தார். நானும் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் குனிந்து அண்ணன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தாள்.

"காபி ஆறிப்போச்சுங்க, சூடு பண்ணிக் கொண்டாறேன். அந்தக் கிலோ ஜூல நான் வந்தப்பறம் சொல்லுங்க. எனக்கும் கேக்கோணும்."

அண்ணன் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். பெற்ற தாயாலும், முருகன் மேல் செய்த சத்தியத்தாலும், என் நகத்தாலும் அடக்க முடியாத வாய் அது. இப்போது சமையலறை வாசலைப் பார்த்தபடி, கைகட்டி, பேசாமல் காத்திருந்தது. அவரைக் கேலி செய்தே பொழுதை ஓட்டிய எனக்கு, அந்தப் பெண் சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்று தவிப்பாக இருந்தது.